“நான் பறக்கவில்லை” என்று சொல்லவும் தைரியம் வேண்டும்!

பறவையைப் பார்த்து மனிதன் பொறாமைப்படுவது நேற்று இன்று வந்த பழக்கம் அல்ல. ஆகாய விமானம் வந்த பிறகும் அந்தப் பொறாமை தீரவில்லை. விமானத்தில் போகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு போகிறார். முகத்தில் காற்று அடிக்க வேண்டும், காலுக்குக் கீழே ஒன்றும் இருக்கக்கூடாது. அப்படிப் போனால்தான் பறந்தோம் என்ற திருப்தி!

அந்த ஆசையைத் தீர்த்து வைக்க இப்போது ஒரு விளையாட்டு இருக்கிறது. அதன் பெயர் பாராகிளைடிங். துணியால் ஆன பெரிய இறக்கையைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஓடிப் பறப்பது. லீவு கிடைத்ததும் வாலிபர்களும் பெண்களும் கோஷ்டி கோஷ்டியாக இமயமலைப் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள்.

போகட்டும். பறக்கட்டும். அதில் தவறு இல்லை. ஆனால், கோஷ்டியாகப் போகிறவர்கள் மலை உச்சியில் நண்பனை எப்படி நடத்துகிறார்கள் என்பதில் ஓர் உயிர் அடங்கி இருக்கிறது. அதை எல்லோரும் யோசிக்க வேண்டும்.

சின்ன ஊர், பெரிய பெயர்

இந்த விளையாட்டுக்கு இந்தியாவில் பெயர் பெற்ற ஊர் பீர். இமாசலப் பிரதேசத்தில், காங்க்ரா மாவட்டத்தில் இருக்கிறது. டில்லியில் இரவு பஸ் ஏறினால், மறுநாள் காலையில் அந்தப் பக்கம் போய்ச் சேரலாம். 1929-ல் திறக்கப்பட்ட குறுகிய ரெயில் பாதை ஒன்றும் அந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. பதான்கோட்டில் இருந்து ஜோகிந்தர்நகர் வரை 164 கிலோமீட்டர். பொம்மை ரெயில் போடும் பாதை மாதிரி இருக்கும்.

பீர் ஒரு சிறிய ஊர். தேயிலைத் தோட்டங்கள், நெல்வயல்கள், ஆடு மேய்க்கும் மலைவாசிகள். திபெத்தில் இருந்து அகதிகளாக வந்தவர்கள் 1960-களில் இங்கே ஒரு குடியிருப்பு அமைத்தார்கள். அவர்களுடைய புத்த மடங்களும், கொழுக்கட்டை போன்ற “மோமோ” விற்கும் கடைகளும் தெருவில் இருக்கின்றன. ஊருக்கு வடக்கே தவுலதார் மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது. அதன் சிகரங்கள் 15,000 அடிக்கு மேல் உயரமானவை.

பீரில் இருந்து 14 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால் பில்லிங் என்ற இடம் வரும். கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 8,000 அடி. அங்கே புல் முளைத்த ஒரு சரிவு. அதில் ஓடி ஆகாயத்தில் ஏறுகிறார்கள். சுமார் 3,000 அடி கீழே, பீர் ஊரின் ஓரத்தில் உள்ள மைதானத்தில் வந்து இறங்குகிறார்கள். 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி இங்கே நடந்தது. அதிலிருந்து இந்தச் சின்ன ஊரின் பெயர் உலகம் எங்கும் பரவிவிட்டது.

துணி எப்படிப் பறக்கிறது?

பாராகிளைடர் என்பது பாரசூட் அல்ல. பாரசூட், விழுகிறவரை மெதுவாக இறக்கிவிடும். பாராகிளைடர் விமானத்தின் இறக்கை செய்யும் வேலையைச் செய்கிறது.

தலையணை உறைகளை வரிசையாக ஒட்டித் தைத்ததுபோல அந்த நைலான் இறக்கை இருக்கும். முன்பக்கத்தில் வாய்கள் திறந்திருக்கும். ஓடும்போது காற்று அந்த வாய்களில் புகுந்து உறைகளை உப்ப வைக்கும். உப்பியதும் துணி இறக்கையாக மாறிவிடும். அதற்கு விறைப்பான சட்டம் கிடையாது. உள்ளே இருக்கும் காற்றுதான் அதற்கு எலும்பு!

எஞ்சின் இல்லை. பெட்ரோல் இல்லை. காற்று அசையாமல் இருந்தால் இறக்கை முன்னோக்கிச் சறுக்கிக்கொண்டே இறங்கும். பிறகு மேலே ஏறுவது எப்படி? சூரியன்தான் ஏற்றிவிடுகிறது. தெற்கு நோக்கிய மலைச்சரிவு வெயிலில் சூடாகிறது. அங்கே உள்ள காற்றும் சூடாகி மேலே எழும்புகிறது. பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு உயரே போவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தச் சூடான காற்றில்தான் பருந்து ஏறுகிறது. பாராகிளைடர் பைலட்டும் அதே காற்றைத் தேடிப் பிடித்து வட்டமிடுகிறார். பருந்து சுற்றும் இடத்தைப் பார்த்து, “அங்கே காற்று இருக்கிறது” என்று தெரிந்துகொள்ளும் பைலட்டுகள் உண்டு.

இந்த விளையாட்டு பிறந்த கதையும் சுவையானது. உப்பும் துணி இறக்கையை 1960-களில் அமெரிக்காவில் டொமினா ஜால்பர்ட் என்பவர் கண்டுபிடித்தார். அவர் காற்றாடி செய்வதில் கெட்டிக்காரர். முதலில் அது விமானத்தில் இருந்து குதிக்கப் பயன்பட்டது. 1978-ல் பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையில், மியூசி என்ற சிறிய ஊரில், மூன்று பாரசூட் வீரர்கள் ஒரு யோசனை செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் விமானத்துக்குப் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. “மலைச்சரிவில் ஓடியே கிளம்பினால் என்ன?” என்று ஓடிப் பார்த்தார்கள். இறக்கை தூக்கிக்கொண்டது! சிக்கனத்தில் பிறந்த விளையாட்டு இன்று உலகம் முழுவதும் பரவி இருக்கிறது.

மலை உச்சியில் நடப்பது என்ன?

உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கு இந்த இறக்கையை ஓட்டத் தெரியாது. ஆகவே, பயிற்சி பெற்ற பைலட் ஒருவர் பின்னால் இருப்பார். பயணி முன்னால் இருப்பார். இரண்டு பேரையும் ஒரே இறக்கை சுமக்கும். பயணிக்கு உள்ள வேலை ஒன்றே ஒன்று. பைலட் “ஓடு” என்றால் ஓட வேண்டும். “நிறுத்து” என்று அவர் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது. கால் தரையை விட்டு எழும்பும்வரை ஓட வேண்டும்.

கேட்பதற்குச் சுலபம்தான். ஆனால், எதிரே பள்ளத்தாக்கு வாயைத் திறந்துகொண்டு இருக்கும். அதை நோக்கி ஓட மனம் வேண்டும்.

ஐந்து நண்பர்கள் பில்லிங் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜீப் ஏறும்போது எல்லோருக்கும் உற்சாகம். இரண்டு வளைவு தாண்டியதும் ஒருவன் பேச்சை நிறுத்திவிடுகிறான். உச்சிக்குப் போனதும் அவன் முகம் வெளுத்துவிடுகிறது. முன்னால் இரண்டு பேர் பறந்து போவதைப் பார்க்கிறான். “நான் வரவில்லை. நீங்கள் பறந்துவிட்டு வாருங்கள். நான் ஜீப்பில் கீழே வந்துவிடுகிறேன்” என்கிறான்.

அப்போது நண்பர்கள் என்ன செய்கிறார்கள்?

“அடேய், இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தாய்?”

“பணம் கட்டியாகிவிட்டது. பேசாமல் வா!”

“ஊருக்குப் போனதும் எல்லோரிடமும் சொல்லிவிடுவோம்!”

ஒருவன் செல்போனை எடுத்து அவன் முகத்தைப் படம் பிடிக்கிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். பயந்தவன் என்ன செய்வான்? மானத்துக்குப் பயந்து, உயிர்ப்பயத்தை மறைத்துக்கொண்டு பெல்ட்டை மாட்டிக்கொள்கிறான்.

இதை விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஏன்?

பாதி மனதோடு ஓடக்கூடாத இடம் அது. பயந்தவன் நான்கு அடி ஓடியதும் நின்றுவிடுவான். அல்லது கால் தரையில் இருக்கும்போதே உட்கார்ந்துவிடுவான். இறக்கை தலைக்கு மேலே எழும்பிவிட்டது. காற்று இழுக்கிறது. ஆனால், பறப்பதற்கு வேண்டிய வேகம் இல்லை. பைலட்டால் தனியாக இரண்டு பேர் பாரத்தையும் இழுத்துக்கொண்டு ஓட முடியாது. இரண்டு பேரும் சரிவில் உருள வேண்டியதுதான். கிண்டல் செய்து ஒருவனை அனுப்புகிறவர்கள், அவனோடு பைலட்டின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார்கள்.

“பயத்தை ஜெயித்தால்தானே வாழ்க்கை? நண்பர்கள் தள்ளிவிட்டதால்தான் எத்தனையோ பேர் நீச்சல் கற்றிருக்கிறார்கள்” என்று சிலர் கேட்கலாம். அது உண்மைதான். பயந்துகொண்டே ஓடிப் பறந்து, கீழே வந்ததும் “இன்னொரு தடவை போகலாமா?” என்று கேட்கிறவர்களும் உண்டு. நண்பனுக்கு ஊக்கம் கொடுப்பது நல்ல காரியம். ஆனால், ஊக்கம் வேறு, ஏளனம் வேறு. “நான் முதலில் போகிறேன். பார்த்துவிட்டு உனக்கு இஷ்டம் என்றால் வா” என்பது ஊக்கம். இதில் அவன் திரும்பிப் போக வழி இருக்கிறது. ஏளனம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. மலை விளிம்பில் யாருக்கும் திரும்பும் வழியை அடைக்கக்கூடாது.

கண்ணீர் வடித்த குடும்பங்கள்

பறக்கப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சிரித்த முகத்தோடு தரை இறங்குகிறார்கள். ஆனாலும், சில குடும்பங்களின் கண்ணீர் இன்னும் காயவில்லை.

பீர்-பில்லிங்கில் ஒரு சிறுவன் உயிர் இழந்த பிறகு, 2022 ஜனவரியில் இமாசலப் பிரதேச ஐகோர்ட்டு இந்த விஷயத்தில் தானாகவே தலையிட்டது. சாதனங்களைப் பரிசோதித்து முடிக்கும்வரை பாராகிளைடிங் போன்ற சாகச விளையாட்டுகளை நடத்தக்கூடாது என்று தடை போட்டது.

2024 பிப்ரவரியில், அதே மாநிலத்தில் உள்ள குலு பகுதியில், தெலுங்கானாவில் இருந்து சென்ற ஒரு பெண் ஆகாயத்தில் இருந்து விழுந்து இறந்தார். அவருடைய பாதுகாப்பு பெல்ட் சரியாக மாட்டப்படவில்லை என்று அதிகாரிகள் கூறினார்கள். பைலட் கைது செய்யப்பட்டார். ஒரே ஒரு பெல்ட்! அதைச் சரிபார்க்க அரை நிமிஷம் போதும்.

2025 ஜனவரியிலும் சாவுகள் நடந்தன. தர்மசாலா அருகே, குஜராத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண் கிளம்பும்போதே விழுந்து இறந்தார். குலு பகுதியில் இரண்டு பாராகிளைடர்கள் மோதிக்கொண்டதில், தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வாலிபர் உயிர் இழந்தார்.

அனுபவம் உள்ளவர்களையும் ஆகாயம் விடுவதில்லை. 2024 அக்டோபரில், பீரில் தனியாகப் பறந்த பெல்ஜியம் நாட்டுக்காரர் ஒருவர், மற்றொரு பாராகிளைடருடன் மோதி இறந்தார்.

விதி என்று சொல்லி எல்லாவற்றையும் ஒதுக்கிவிடக்கூடாது. காற்றின் போக்கு மனிதன் கையில் இல்லை. பெல்ட் மனிதன் கையில் இருக்கிறது. பார்த்துப் போவது மனிதன் கையில் இருக்கிறது. “இன்று வேண்டாம்” என்று சொல்வதும் மனிதன் கையில்தான் இருக்கிறது.

கேட்கக் கூச்சப்படாதீர்கள்

பஸ்சில் ஏறினால் டிரைவரிடம் லைசென்சைக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. பறக்கும்போது கேட்க வேண்டும். இமாசலப் பிரதேசத்தில் இந்தத் தொழிலை நடத்துபவர்களும் பைலட்டுகளும் சுற்றுலா இலாகாவில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. “உங்கள் லைசென்சைப் பார்க்கலாமா?” என்று கேட்டால் நல்ல பைலட் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டால், அவரோடு பறக்க வேண்டியதில்லை!

அடுத்தது பெல்ட். மார்புக்கு ஒரு பெல்ட் உண்டு. இரண்டு தொடைகளுக்கும் தனித்தனியாக பெல்ட் உண்டு. தொடை பெல்ட்டை மாட்ட மறந்தால், தரையில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. கால் எழும்பிய பிறகுதான் உடம்பு நழுவத் தொடங்கும். ஆகவே மூன்று பெல்ட்டுகளையும் பயணியே கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு, பயணியின் இரு பக்கமும் பைலட்டோடு இணைக்கும் கொக்கிகள். அவை சரியாகப் பூட்டிக்கொண்டனவா என்று பார்க்க வேண்டும். தலைக்கவசம் அளவாகப் பொருந்த வேண்டும். ஆபத்துக்கு உதவும் இரண்டாவது பாரசூட் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பைலட் பேசுவது பயணிக்குப் புரிய வேண்டும். “ஓடு”, “நில்”, “காலைத் தூக்கு” என்ற மூன்று சொற்களை இந்தியில் எப்படிச் சொல்வார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஓடும் நேரத்தில் அர்த்தம் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த ஆசையை விட்டுவிட வேண்டும். முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக்கூடாது. மது அருந்திவிட்டு வருகிறவனை நண்பர்களே ஜீப்பில் ஏற்றக்கூடாது.

“இன்று காற்று சரியில்லை”

மலையில் காற்றுதான் முதலாளி. முதுகுப் பக்கம் இருந்து காற்று அடித்தால் இறக்கை எழும்பாது. எதிர்க்காற்று பலமாக அடித்தால், இறக்கை பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். காலையில் சாதுவாக இருக்கும் காற்று, மத்தியானத்தில் முரட்டுத்தனம் செய்யும். கருமேகம் திரண்டால் இன்னும் ஆபத்து. மேகத்துக்குள் உறிஞ்சும் காற்று, இறக்கையை விருப்பம்போல் தூக்கிக்கொண்டு போகும். இந்த ஆபத்தை அறிந்துதான், ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை அங்கே பாராகிளைடிங்குக்குத் தடை போடுகிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் பைலட் ஒருவர் ஆகாயத்தைப் பார்க்கிறார். புல்லைப் பிடுங்கிக் காற்றில் விடுகிறார். “இன்று வேண்டாம்” என்கிறார். உடனே கோஷ்டி அவரைச் சூழ்ந்துகொள்கிறது. “இரவு பஸ்சுக்கு டிக்கெட் வாங்கியாகிவிட்டது. ஐந்தே நிமிஷம். கூடப் பணம் தருகிறோம்” என்று கெஞ்சுகிறது; மிரட்டவும் செய்கிறது.

அந்தப் பைலட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கும் வீடு, வாசல், பிள்ளைகள் உண்டு. மழைக்காலத்தில் இரண்டு மாதம் தொழில் கிடையாது. பறந்தால்தான் கூலி. அவர் வாயால் “வேண்டாம்” என்று சொல்வது, தன் கையில் வரும் காசை வேண்டாம் என்று சொல்வதாகும். அப்படிச் சொல்கிறார் என்றால், அவர் எவ்வளவு யோசித்துச் சொல்லி இருப்பார்! அந்த மனிதரைக் கும்பிட வேண்டும். அதை விட்டுவிட்டு, “பக்கத்தில் வேறு ஆள் அழைத்துப் போகிறார்” என்று ஓடக்கூடாது. காற்று சரியில்லாத நாளில் பறக்கச் சம்மதிக்கும் ஆளைத் தேடிப் போவது, எரிகிற கொள்ளியை எடுத்துத் தலையைச் சொறிந்துகொள்வதுபோல் ஆகும்.

இதற்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. பயணத்தில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். பறக்க முடியாத நாளில் புத்த மடங்களைப் பார்க்கலாம். தேயிலைத் தோட்டத்தில் நடக்கலாம். டீக்கடையில் உட்கார்ந்து மலையைப் பார்க்கலாம். அதற்கும் பணம் கேட்கமாட்டார்கள்!

பெற்றோர் செய்ய வேண்டியது

“பாராகிளைடிங் போகிறேன்” என்று பிள்ளை சொன்னதும் சில வீடுகளில் கூச்சல் எழுகிறது. “வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது” என்று தடை போடுகிறார்கள். தடை போட்டால் பிள்ளை போகாமல் இருந்துவிடாது. “மணாலியில் பனி பார்க்கப் போகிறோம்” என்று சொல்லிவிட்டு பில்லிங் போகும். எங்கே போகிறது, யாரோடு பறக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அது இன்னும் ஆபத்து அல்லவா?

அதைவிட, உட்கார வைத்துப் பேசுவது புத்திசாலித்தனம். பிள்ளைக்குப் பெற்றோர் சொல்லி அனுப்ப வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு: “மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை. திரும்பி வந்துவிடு. இங்கே யாரும் உன்னைக் கேலி செய்யமாட்டோம்.” இந்த வார்த்தையைக் கேட்டுப் போகிற பிள்ளைக்கு, நண்பர்கள் சிரிக்கும்போதும் “வரவில்லை” என்று சொல்லத் தெம்பு இருக்கும். சில ஆயிரம் ரூபாய் போனால் இரண்டு மாதத்தில் சம்பாதித்துக்கொள்ளலாம்.

சிறு குழந்தைகளின் விஷயம் வேறு. குழந்தைக்கு “வேண்டாம்” என்று சொல்லத் தெரியாது. அப்பா சந்தோஷப்படுவார் என்று தலையை ஆட்டிவிடும். படம் எடுத்து நாலு பேருக்குக் காட்டும் ஆசையில் குழந்தைகளைப் பறக்க வைப்பது நியாயம் அல்ல. அவர்கள் வளரட்டும். மலை எங்கேயும் போய்விடாது.

நல்ல நண்பன் யார்?

தைரியம் என்றால் குதிப்பது என்று நினைக்கிறார்கள். நாலு பேர் சிரிக்கும் இடத்தில், “எனக்கு இன்று மனம் ஒப்பவில்லை” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி உட்காருவதற்கும் தைரியம் வேண்டும். வருமானம் போனாலும் “காற்று சரியில்லை” என்று சொல்லும் பைலட்டுக்கும் அதே தைரியம் இருக்கிறது. “லைசென்சைக் காட்டுங்கள்” என்று கேட்கும் பெண்ணுக்கும் இருக்கிறது. இவர்களில் ஒருவரையும் கோழை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

பறக்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகப் பறக்கலாம். தவுலதார் மலையின் பனி, கீழே கட்டம் கட்டமாகத் தெரியும் வயல்கள், பக்கத்தில் கூடவே வரும் பருந்து... இவற்றை எல்லாம் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு பார்ப்பது வாழ்நாளில் மறக்க முடியாத அனுபவம்தான். அதை அனுபவித்துவிட்டு உயிரோடு வீடு திரும்ப வேண்டும்.

மலை உச்சியில் நண்பன் பெல்ட் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவன் அருகில் போக வேண்டும். குனிந்து, இரண்டு தொடை பெல்ட்டுகளையும் இழுத்துப் பார்க்க வேண்டும். “சரியாக இருக்கிறது. போக உனக்குச் சம்மதமா?” என்று ஒரு தடவை கேட்க வேண்டும். அவன் “இல்லை” என்று சொன்னால், “சரி, வா. டீ சாப்பிடலாம்” என்று தோளில் கைபோட்டு அழைத்துவர வேண்டும்.